உம்மா எந்த ராஜாவின் குடி

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். முன்னறை நாற்காலியில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். அவருக்குப் பேச்சு மாற்றிச் சொல்ல வந்த அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர், யாழ்ப்பாணத்து ஆள். வீட்டோடு ஒட்டிய எங்கள் கடை வாசலில் ஒரு கான்ஸ்டபிள். வாப்பா. வாப்பாவின் பழைய சிநேகிதர், பக்கத்துக் கடைத் தையல்கார மாமா. முன்னறைக்கும் சமையல் செய்யும் குசினிக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பக்கத்தில் நான். திரைக்கு அந்தப் பக்கம் உம்மா. என் மூத்த சகோதரர்கள், நானாமார் இரண்டு பேரும் கொழும்பில் கடைகளில் வேலைக்கு நின்றார்கள். அவர்கள் இருந்திருந்தால் நான் அப்படிப் பயந்திருக்கமாட்டேன் என்று இப்போதும் நினைக்கிறேன். பயந்துதான் இருப்பேன், என் சுபாவம் அது.

துருக்கி ராஜாவோடு சண்டை மூண்ட செய்தி பதுளைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஜெர்மன்காரர்களைப் பிடித்துத் தியத்தலாவை முகாமில் கம்பி வேலிக்குள் வைத்திருப்பதாகப் பண்டாரவளையிலிருந்து அரிசி ஏற்றிவரும் வண்டிக்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இனித் துருக்கிக்காரர்களையும் பிடிப்பார்களாம் என்று சொன்ன அன்றைக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் கடைவீதியில் எங்கள் வீட்டுக்குப் பெயரே 'துருக்கிக்காரி வீடு' என்பதுதான்.

உம்மா துருக்கி இல்லை. ஆனால் என்னவென்று சொல்லுவது? மூன்றாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது உம்மா வாயால் கேட்டது மட்டுமே. கருங்கடலுக்கு அந்தப் பக்கம் உயர்ந்த மலைகள் உண்டாம். அந்த மலை மக்கள் தங்களை அதிகே என்று சொல்லிக்கொள்வார்களாம். துருக்கிக்காரர்கள் அவர்களைச் செர்க்கஸ் என்பார்கள். ருஷ்ய ராஜா அந்த மலைகளைப் பிடித்து, இருந்தவர்களையெல்லாம் கப்பலில் ஏற்றித் துரத்திவிட்டார். உம்மா அப்போது கைக்குழந்தை. பிறகு இஸ்தான்புலில் ஒரு வீட்டில் வளர்ந்து, அங்கிருந்து மிசிறு என்கிற எகிப்து தேசத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டு எஜமானர் வெள்ளைக்காரனை எதிர்த்தார் என்று இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டபோது, எஜமானியம்மாவோடு உம்மாவும் கண்டிக்கு வந்து சேர்ந்தார். அப்போது துணி வியாபாரம் செய்து, அந்த வீட்டுக்குத் துணி கொண்டுபோன வாப்பா எப்படியோ எஜமானியம்மாவிடம் பெண் கேட்டார். நிக்காஹ் பதுளைப் பள்ளிவாசலில் நடந்தது.

மிசிறுக்காரர்கள் உம்மாவைத் துருக்கி என்றார்களாம். துருக்கிக்காரர்கள் செர்க்கஸ் என்றார்கள். கண்டியில் மிசிறு என்றார்கள். பதுளையில் மறுபடி துருக்கி. உம்மா பேசிய தமிழோ தேயிலைத் தோட்டத்துத் தமிழ். கடைக்குச் சாமான் வாங்க வந்து, குசினி வாசலில் தண்ணீர் குடித்துப் போகும் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கற்றது. "வாங்க, உக்காருங்க" என்று உம்மா சொல்லும்போது எங்கள் சோனகத் தெரு முஸ்லிம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

உம்மாவின் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இதைச் சொல்லாவிட்டால் அன்று நடந்தது விளங்காது. புருஷனும் பெண்சாதியும் மற்றவர்கள் முன்னால் ஒன்றாக இருக்கமாட்டார்கள். ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் எழுந்து போய்விடுவார். மற்றவர் காது கேட்க ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள், பெயரும் சொல்லமாட்டார்கள். அதுதான் மரியாதை. வாப்பா ஆரம்பத்தில் கோபித்தாராம். பிறகு பழகி, உம்மாவைவிடக் கண்டிப்பாக அதைப் பிடித்துக்கொண்டார். எது சொல்வதானாலும் என் வழியாகத்தான். "உம்மாட்ட சொல்லு புள்ள, இன்னிக்கு ரெண்டு பேருக்குக் கூடச் சோறு வேணும்." "வாப்பாகிட்ட சொல்லிரு, சீனி முடிஞ்சிருச்சு." இரண்டு பேரும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டுதான் இதைச் சொல்வார்கள். தையல்கார மாமா, "பேசாமலே மூணு புள்ள பெத்த மனுசன் நம்ம மச்சான்" என்று கேலி செய்வார்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது வாப்பா கடையில் இருந்தார். உம்மாதான் முன்னறையில் இருந்தார். யார் வந்தாலும், சின்னப் பிள்ளை வந்தாலும்கூட, உம்மா எழுந்து நிற்பார். அன்றும் எழுந்து, முக்காட்டைச் சரிசெய்து, வந்தவருக்கு நாற்காலியைக் காட்டி, தான் உட்காராமல் நின்றார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து வாப்பா செருப்புச் சத்தத்தோடு உள்ளே ஓடிவர, உம்மா திரையை விலக்கிக் குசினிக்குள் போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் வாப்பாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"அந்த மனிசி ஏன் உம்மைக் கண்டவுடனே ஓடினவ எண்டு துரை கேக்கிறார்" என்றார் கிளாக்கர். "இந்த வீட்டு வேலைக்காரியோ எண்டும் கேக்கிறார்."

வாப்பாவுக்கு முகம் கறுத்துப் போனது. "எம் பொஞ்சாதிங்க."

"அப்ப ஏன் பக்கத்தில நிக்கேல்லை?"

"அப்பிடி நிக்கிறது இல்ல ஐயா. அது அவங்கட ஊர் மரியாதை."

கிளாக்கர் அதை இங்கிலீஷில் சொன்னார். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை என்பது அவர் பென்சில் அசையாமல் நின்றதிலிருந்தே தெரிந்தது. கிளாக்கர் மெதுவாக விளக்கினார். சட்டப்படி பெண்சாதி புருஷனின் ராஜாவுக்குக் குடி. வாப்பா பதுளையில் பிறந்தவர், இங்கிலீஷ் ராஜாவின் குடி. கல்யாணம் உண்மை என்றால் ஒரு சிக்கலும் இல்லை. வேலைக்கு வந்து தங்கிய துருக்கிக்காரி என்றால் பெயரை எழுதிக் கொண்டுபோக வேண்டும். எங்கே கொண்டுபோவது என்று அவர் சொல்லவில்லை. தியத்தலாவையில் பெண்களை வைப்பார்களா, கப்பலில் ஏற்றிவிடுவார்களா, ஏற்றினால் எந்த ஊரில் இறக்குவார்கள் என்று என் மனம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

"கல்யாணப் பதிவு இருக்கோ?"

அந்தக் காலத்தில் எங்களில் யார் பதிந்தார்கள்? நிக்காஹ் ஓதிய லெப்பை மௌத்தாகிவிட்டார். சாட்சி இரண்டு பேரில் ஒருவர் இப்போது இல்லை. மிச்சம் இருந்த மற்றச் சாட்சி தையல்கார மாமா. அவர் சத்தியம் செய்யத் தயாராக முன்னால் வந்தார். ஆனால் சிநேகிதன் சிநேகிதனுக்காகச் சொல்வான் என்று துரை தலையசைத்துவிட்டார்.

கிளாக்கர் கெட்டவர் இல்லை. அவருக்கே ஒரு வழி தோன்றியது. "உங்கட மனிசி பிறந்த மலை இப்ப ஆரின்ர கையில?"

"ருஷ்ய ராஜா கையிலங்க."

"அப்ப சரி. ருஷ்யா எங்கட பக்கம் நிண்டு சண்டை பிடிக்குது. ருஷ்யாக்காரி எண்டு அவ தன்ர வாயால சொன்னா அலுவல் முடிஞ்சுது."

வாப்பாவின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். "போய் உம்மாட்ட சொல்லு புள்ள. ஒரு சொல்லுதான்."

நான் திரைக்குள் போனேன். உம்மா அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். உம்மா என்னை நேராகப் பார்த்தார்.

"மாட்டேன்னு சொல்லிரு."

"உம்மா, ஒரே ஒரு சொல்லு."

"நான் மீன் திங்கிறதப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. கடை நிறையக் கருவாட்டுச் சாக்கு இருக்கும். உம்மா தொடக்கூட மாட்டார். பெருமை என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

"அந்தக் கப்பல்ல என் அண்ணன் செத்துப்போச்சு. மூணு வயசு. கடல்லதான் போட்டாங்க. எங்க சனம் பாதி அந்தக் கடல்லதான். அதுக்கப்புறம் என் உம்மா மீன் திங்கல, நானும் திங்கல. துரத்தினவனோட ஆளுன்னு நான் சொல்லணுமா? முகாமுக்குப் போறேன். போய்ச் சொல்லு."

நான் முன்னறைக்கு வந்து, "சொல்லமாட்டாங்களாம்" என்றேன். வாப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கினார். அப்போது தையல்கார மாமா கிளாக்கரின் கையைத் தொட்டார். "ஐயா, மஹர் இருக்கே. நிக்காஹ் நேரம் மாப்பிள்ள பொண்ணுக்கு ஒரு தொகை தாறதாச் சொல்லுவார். அது புருசனுக்கும் பொஞ்சாதிக்கும் நல்லாத் தெரியும். தனித்தனியாக் கேட்டுப் பாருங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கத் தேவையில்லையே."

கிளாக்கர் துரையிடம் சொன்னார். துரை பென்சிலை நிறுத்தினார். வாப்பாவைக் கடை வாசலுக்குக் கூட்டிப்போய்க் கேட்டார்கள். வாப்பா, "எழுபத்தஞ்சு ரூபா. எல்லாம் குடுத்தாச்சி" என்றார். எனக்குக் கேட்டது. பிறகு கிளாக்கர் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா, உங்களுக்கு எவ்வளவு மஹர் பேசினவை?"

"எழுபத்தஞ்சு ரூபாங்க" என்றார் உம்மா உள்ளே இருந்து. நான் கண்ணை மூடினேன், தப்பித்தோம், முடிந்துவிட்டது என்று. "இருபத்தஞ்சு குடுத்தாங்க. ஐம்பது பாக்கி."

வாப்பா வாசலிலிருந்து அப்படியே உள்ளே வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் இருப்பதும் அவருக்கு மறந்துபோனது. ஆனால் திரையைத் தாண்டவில்லை, உம்மாவைக் கூப்பிடவும் இல்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"கேளு புள்ள உங்க உம்மாட்ட. மூத்தவன் பொறந்த நேரம் ஒரு சோடி காப்பு செஞ்சு குடுத்தேனா இல்லியா?"

"காப்புக் குடுத்தாங்கன்னு சொல்லு. குடுக்கும்போது மஹர்னு சொன்னாங்களான்னு கேளு."

"வேற எதுக்குக் குடுப்பாங்க?"

"புள்ள பெத்ததுக்குக் குடுத்தாங்க. அதையும் அடுத்த வருசமே வாங்கி அடகு வச்சு, கடைக்கு அரிசி எடுத்தது யாருன்னு கேளு. காப்பு திரும்பி வந்துச்சான்னும் கேளு."

வாப்பா என் பக்கம் குனிந்தார். "அந்த வருசம் தோட்டத்துக் கடன் ஒண்ணும் வசூலாகல்லன்னு சொல்லு."

"அது எனக்குத் தெரியும். நான் பாக்கி கேக்கல. இருக்குன்னுதான் சொன்னேன்."

இரண்டு பேர் சொன்னதையும் நான் திருப்பிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் பழக்கத்தில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் பதிலும் ஒன்றாக வரவில்லை, உம்மாவைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்பது மட்டும்தான் எனக்குள் இருந்தது.

தையல்கார மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயா, இதத் துரைக்குச் சொல்லுங்க. வேலைக்காரி சம்பளம் கேப்பா. இருபது வருசத்துக்கு முன்னப் போன காப்ப எந்த வேலைக்காரி ஞாபகம் வச்சிருப்பா?"

கிளாக்கர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நீளமாக இங்கிலீஷில் சொன்னார். துரை கேட்டுக்கொண்டே வாப்பாவைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கிளாக்கர் அதை எங்களுக்கு மாற்றிச் சொல்லவே இல்லை, தானே பதில் சொல்லிவிட்டார். துரையின் மீசை கொஞ்சம் அசைந்தது. எதையோ அடித்து, எதையோ எழுதி, தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கச்சேரியில இருந்து சொல்லி அனுப்புவம்" என்றார் கிளாக்கர்.

அந்தக் காத்திருப்பைப்போல ஒன்றை என் எதிரிக்கும் நான் கேட்கமாட்டேன். தெருவில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பேன். தியத்தலாவைக் காற்றுக்குக் கம்பளி வேண்டுமே என்று, உம்மாவின் இரண்டு சேலையையும் ஒரு கம்பளியையும் மூட்டையாகக் கட்டி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். உம்மா அதைக் கண்டு, அவிழ்த்து, சேலைகளை மறுபடி கொடியில் போட்டார். மறுநாள் நான் திரும்பக் கட்டினேன்.

கடைசியில் கிளாக்கரே ஒரு நாள் பொழுதுபட, கருவாடு வாங்கும் சாக்கில் கடைக்கு வந்தார். உம்மாவின் பெயர் லிஸ்ட்டில் இல்லை என்றார். "சோனகப் பெண், இன்னாரின் மனைவி எண்டு எழுதியாச்சு." வாப்பா கருவாட்டுக்குக் காசு வாங்கவில்லை. நான் ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன்.

"சோனகப் பொண்ணா" என்றார் உம்மா. ஆய்ந்துகொண்டிருந்த கீரையில் ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார். "அதுவும் நான் இல்ல. பரவால்ல, எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்."

அன்று இரவு இஷாத் தொழுகைக்குப் போகுமுன் வாப்பா ஒரு கைக்குட்டையில் ஐம்பது ரூபாயை முடிந்து என் கையில் தந்தார். துரைக்கு முன்னால் வந்த வெட்கம் அவருக்கு இன்னும் போகவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். உம்மா முடிச்சை அவிழ்க்கவே இல்லை.

"திருப்பிக் குடுத்திரு. சண்டை முடியலல்ல. இன்னொரு துரை வந்து கேட்டா நான் எதைச் சொல்றது? பாக்கி இருக்குன்னாத்தானே நான் இந்த வீட்டு ஆளு?"

வாப்பா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கைக்குட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

சண்டை முடிந்தது. அடுத்து வந்த காய்ச்சலில் வாப்பா போய்விட்டார். மௌத்தானவரின் கடனைத் தீர்த்த பிறகுதான் சொத்தைப் பிரிக்க வேண்டும் என்பதால், நானாமார் முதல் வேலையாக ஐம்பது ரூபாயை உம்மாவின் முன் வைத்தார்கள். உம்மா எழுந்து நின்றார், வந்தவர்களுக்கு நிற்பதுபோல. பணத்தைத் தொடவில்லை. விட்டுக்கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், கணக்கு முடிந்துவிடும் என்று கெஞ்சினார்கள். அதையும் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "அவுங்க வந்து கேக்கட்டும்" என்றார், வாப்பா சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல.

உம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். காதும் கண்ணும் குறைந்துவிட்டன. காக்கிச் சட்டை வாசலைக் கடந்தால் நான் இப்போதும் கதவைச் சாத்துவேன். எந்த ராஜா யாரோடு சேர்ந்தான், யாரோடு பிரிந்தான் என்று பேப்பர் படிப்பவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்கிறேன். தீராத அந்தக் கடனுக்கு வாப்பாவுக்காக மறுமையில் யார் பதில் சொல்வது என்ற கவலை வேறு. நேற்றும் மஹரை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். எழுபத்தைந்தில் இருபத்தைந்து வந்தது என்றார். பாக்கி ஐம்பது ரூபாய்.