கப்பல் ஜன்னலில் ஒருவர்

பாகாலா சந்திப்பில், எதிரே வரும் வண்டிக்காக எங்கள் பாசஞ்சர் நிற்கிறது. பொழுது போகாமல், போன மாதம் போய்வந்த சொகுசுக் கப்பலின் படங்களைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர் இருக்கையில் கத்தரிக்காய்க் கூடையோடு சித்தூருக்குப் போகிற ஓர் அம்மா எட்டிப் பார்க்கிறார். பெருமையோடு போனை நீட்டுகிறேன். என் அறை ஜன்னல், அதற்கு வெளியே கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி கழுவும் ஓர் ஆள், அவனுக்குப் பின்னால் கடல்.

"நல்ல கடல். இந்த ஆளுதான் குறுக்கே தொங்குறான்," என்கிறேன்.

அவர் போனைக் கையில் வாங்கிக்கொள்கிறார். "எங்க தம்பிக்கும் கப்பல்ல இதான் சார் வேலை. கண்ணாடில உப்பு படிஞ்சிகினே இருக்குமாம். போன்ல சொல்லுவான். இப்டித்தான் தொங்கிகினு செய்வானா?" படத்தை விரலால் பெரிதாக்குகிறார். ஹெல்மெட்டும் நுரையும்தான் தெரிகின்றன. "யாரு பெத்த புள்ளையோ, மூஞ்சி தெரியலயே. வேற போட்டோல கீறாரா சார்?"

இருந்தான். கடல் முழுசாகத் தெரிய வேண்டும் என்று மற்ற படங்களிலெல்லாம் அவனை நான்தான் போனிலேயே விரலால் தேய்த்து அழித்திருக்கிறேன். இதை எப்படிச் சொல்வது? நான் வாய் திறப்பதற்குள் அவரே அடுத்த படத்தைத் தள்ளிப் பார்க்கிறார். ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும் இருக்கிறது.

"எவ்ளோ சுத்தமா கீது பாருங்க!" அவர் முகம் மலர்கிறது. "வேலைய முடிச்சிட்டு துன்னப் போயிருப்பாரு."

"ஆமாம்மா," என்கிறேன். போனைத் திருப்பி வாங்கக் கை நீளவில்லை.