பொம்மர்காரர் பார்த்த முகூர்த்தம்

விமானிகள் கோபுரத்தோடு கதைக்கும்போது எவ்வளவு மரியாதை காட்டுவார்கள் தெரியுமா? எங்கள் தலைக்கு மேலே குண்டோடு சுற்றிய அரசாங்க விமானிகள்கூட, விமானத்தளத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்குக் காலை வணக்கம் சொல்லி, காற்று எந்தப் பக்கம் என்று ஆங்கிலத்தில் விசாரித்து, பதிலுக்கு நன்றி சொல்லாமல் விட்டதில்லை. அவ்வளவு நல்ல வளர்ப்பு.

இதெல்லாம் அளவெட்டியில் எங்கள் வீட்டு றேடியோவில் கேட்கும். அது சண்டைக்காலம், ஊரில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றினால், டைனமோ கொடுக்கிற கரண்டில் றேடியோ பாடும். எஃப்.எம். முள்ளை ஓரத்துக்குத் தள்ளினால் இரைச்சலுக்குள் பொம்மர்காரர், அதுதான் குண்டு போடுகிற விமானி, வந்துவிடுவார். எண்பத்துமூன்று கலவரம் வரை கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்து, அடிவாங்கி ஊருக்கு ஓடிவந்த எனக்குச் சிங்களம் தெரியும். அரசாங்கம் எனக்குத் தந்த பென்சன் அது ஒன்றுதான். காற்றும் உயரமும் முடிந்ததும் அவர்கள் சிங்களத்தில் ஊர்க்கதைக்கு இறங்குவார்கள். எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க, என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

தங்கச்சியின் கலியாணம் ஏற்கெனவே இரண்டு தரம் குழம்பியிருந்தது. இரண்டு தரமும் தாலி கட்டுகிற நேரத்துக்குச் சரியாகப் பொம்மர் வந்தது. நாங்கள் வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் இறங்கிவிட, முகூர்த்தம் மேலே தனியாக நின்று முடிந்துபோனது. "மூண்டாந்தரமும் குழம்பினால் இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிவராது," என்று மாப்பிள்ளையின் தாய் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சாத்திரியார் மறுபடியும் நல்ல நேரம் குறித்துத் தந்தார். சாதகத்தை விமானிக்கும் ஒருக்கால் காட்டியிருக்கலாம், எங்களுக்குத்தான் அந்தப் புத்தி வரவில்லை.

மூன்றாம் தரம், மணவறைக்குப் பக்கத்திலேயே சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோம். அத்தான் மிதியைச் சுற்றினார். "நான் கையைக் காட்டினால் மேளத்தை நிப்பாட்ட வேணும், றேடியோ கேக்கவேணும்," என்று பெரியப்பா மேளகாரருக்குக் கட்டளையிட்டார். ஊரூராய்ப் போய்ப் பேரெடுத்த எங்கள் மேளகாரர், பொம்மர்காரருக்கு இடம்விட்டு இடம்விட்டு வாசித்தார்கள்.

ஐயர் தாலியை எடுக்கும் நேரத்தில் வானம் இரைந்தது. சனம் பங்கருக்கு ஓடியது. நானும் அத்தானும் றேடியோவை விட்டு அசையவில்லை.

"என்னவாம்?" பெரியப்பா பங்கர் வாசலில் நின்று கேட்டார்.

மேலே இருந்தவர் கோபுரத்திடம் மத்தியானச் சாப்பாடு என்னவென்று விசாரித்துக்கொண்டிருந்தார். மீன்கறி முடியப்போகிறது, கெதியாக வா என்றது கோபுரம். இன்னும் இரண்டு கிடக்கிறது, போட்டுவிட்டு வருகிறேன் என்றார் அவர். கடைக்குப் போகிற வழியில் குப்பையைக் கொட்டிவிட்டு வருகிறவன்கூட இவ்வளவு சாவகாசமாகச் சொல்லமாட்டான். கேட்டதைக் கேட்டபடி உரத்துச் சொன்னேன்.

தங்கச்சி மணவறையில் இருந்தபடியே தலையை நிமிர்த்தினாள்.

"அவருக்குப் பசிக்குதெண்டால் அது அவரின்ரை பாடு. நான் இனி எழும்பமாட்டன். தாலியைக் கட்டச் சொல்லுங்கோ, அண்ணை."

ஒரு காலைப் பங்கர்ப் பக்கம் வைத்திருந்த மாப்பிள்ளை அந்தக் காலையும் இழுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். ஐயரும் வேறு வழியில்லாமல் வந்தார். மேளகாரர் கெட்டிமேளம் கொட்டினார்கள். தாலி கழுத்தில் ஏறுகிறபோது தெற்குப் பக்கமாக இரண்டு சத்தம் கேட்டது. பந்தல் ஒருமுறை ஆடி நின்றது.

"ரெண்டும் முடிஞ்சுது, இனிப் பயமில்லை," என்றார் பெரியப்பா. சனம் சிரித்துக்கொண்டு பங்கரிலிருந்து ஏறி வந்தது. மாப்பிள்ளையின் தாய் மருமகளைக் கட்டிக் கொஞ்சினார். இலை போடச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். எனக்கும் சந்தோசம்தான், மறைப்பானேன்.

தங்கச்சி என்னைக் கிட்டக் கூப்பிட்டு மெல்லக் கேட்டாள்.

"எங்கை விழுந்தது, அண்ணை?"

அதை விமானி றேடியோவில் சொல்லவில்லை. அத்தான் சைக்கிளை விட்டுவிட்டுக் கைகழுவப் போயிருந்தார். பந்தலில் அவளைத் தவிர வேறு ஒருவரும் அதை விசாரிக்கவும் இல்லை.