செல்லக்கண்ணு கட்டிய அரைஞாண்

எங்க சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுத் தையக்காரர் செல்லக்கண்ணு தைச்ச காற்சட்டையைப் போட்டுக்கிட்டு எவனும் நிம்மதியா உட்கார்ந்ததில்ல. அவ்வளவு இறுக்கம்! அறுபதுகள்ல அதுதான் நாகரிகம். "மூச்சு விட முடியலண்ணே"ன்னு யாராவது சொன்னா, "மூச்சை வெளியில போயி விடு"ம்பார். கடைக்கு மேல, அவர் குடும்பத்துக்கு அடுத்த அறையில குடியிருந்த என் காதுல இதெல்லாம் தினமும் விழும்.

அந்த மனுஷனுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு மகன் பிறந்தான். ஆனா வயிறு உப்பிக்கிட்டு இருந்துச்சு. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருக்குன்னுட்டார் டாக்டர். "மருந்து தவறாம குடுங்க. பாலைக் கொஞ்சங் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. வயித்தை அமுக்காதீங்க, இறுக்கி எதையும் கட்டாதீங்க. மண்ணீரல்ல அடிபட்டா உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டும், உசுருக்கே ஆபத்து."

அன்னைக்குப் பிடிச்ச பயம்தான். கடையில ஊரையே நெரிச்சவர் மகனுக்குத் தைச்ச சட்டைக்குள்ள ரெண்டு புள்ளைங்க குடித்தனம் பண்ணலாம். பார்க்க வர்றவங்க, புள்ளையோட கழுத்தையும் பின்பக்கத்தையும் எப்படித் தாங்கித் தூக்குவோம்னு முதல்ல வெறுங்கையில செஞ்சு காட்டினாத்தான் புள்ளை கைக்கு வரும். பக்கத்துக் கடை மலாய்க்காரம்மா மைமூன், அவங்க வழக்கப்படி புள்ளை வயித்துல சுத்தறதுக்கு நீளத்துணி கொண்டாந்தாங்க. இவர் அதை வாங்கித் தன் கழுத்துல சுத்திக்கிட்டு, "நல்லாருக்கு லா"ன்னு அவங்க பாணியிலேயே சொல்லிட்டார்!

அரைஞாண்கூடக் கட்டல. அவர் மனைவி லீலாதான் என்கிட்ட வந்து அழுவா. "வெறும் இடுப்போட இருக்கானேன்னு கோயில்ல கேக்குறாங்கக்கா. இவன் பொழைச்சுக்குவானாக்கா?" ஒண்ணும் ஆகாதுடின்னு அதட்டி அனுப்புவேன்.

மாசங்கள் போச்சு. ஒருநாள் டாக்டர் வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டு, "வீக்கம் வத்திடுச்சு. இனிமே அரைஞாணைத் தாராளமாக் கட்டுங்க"ன்னார்.

அந்த வெள்ளிக்கிழமையே செல்லக்கண்ணு எங்க எல்லாரையும் கூப்பிட்டார். கறுப்புக் கயிறு, அதுல குட்டியா ஒரு வெள்ளி மணி. "பார்த்துண்ணே, உங்க காற்சட்டை மாதிரி இறுக்கிடாதீங்க"ன்னு நான் சீண்டினேன். அறையே சிரிச்சுச்சு. அவர் வேர்க்க விறுவிறுக்க ஒரு முடிச்சுப் போட்டார். லீலா மகனைத் தூக்கி நிறுத்தினா. கயிறு இடுப்புல நிக்காம வழுக்கி, மணிச் சத்தத்தோட காலடியில விழுந்துச்சு.

"என்ன தையக்காரரே, அளவு தப்பிடுச்சா?"ன்னேன்.

அவர் கயித்தை எடுத்து லீலாகிட்ட நீட்டினார். "நீ கட்டும்மா. எனக்கு இறுக்க வரல"ன்னு சொல்லிட்டு, அத்தனை பேர் முன்னாடியும் ஓன்னு அழுதார்.