பிரித்துப் போட்ட ஆறு பக்கம்

அன்று அச்சகத்தில் இருந்தது நாலே பேர். சிறுபத்திரிகை நடத்திய முதலாளி, மலையைப் பற்றி ஆராய்ச்சி செய்த சார், மலைமேல் கரியாலூரிலிருந்து வந்த பெரியவர், அப்புறம் ஈய எழுத்து கோக்கிற நான். இன்னொருத்தர் இருந்திருந்தால் ஏதாவது பேசியிருப்பாரோ என்று இப்போதும் யோசிப்பேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். தியாகதுருகம் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. பெரியவர் நடந்தே இறங்கி வந்திருந்தார். மலையில் யார் யார் எந்த நிலத்தை எத்தனை தலைமுறையாக உழுகிறார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல சார் எழுதிய கட்டுரைதான் அச்சுக்கு வந்திருந்தது. பெரியவருக்குப் பட்டா இல்லை.

"வாயால சொன்னா தொரத்துறாங்க. அச்சுல இருந்தா குந்த வெச்சிக் கேப்பாங்க இல்ல?" என்பார்.

ஆறு பக்கமும் கோத்து முடித்திருந்தேன். சார் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "நிறுத்திடுப்பா. இங்கிலீஷ் பத்திரிகைக்கு அனுப்பிட்டேன்."

"தமிழ்லயும் வந்துட்டுப் போவட்டுமே சார், இன்னா கெட்டுப்பூடும்?" என்றார் முதலாளி.

"வேற எடத்துல வந்திருந்தா அவங்க எடுக்க மாட்டாங்க. எனக்கு நிரந்தர வேலைக்கு இண்டர்வியூ வருது. உங்க பத்திரிகையைக் காட்டினா, யாரு கல்யாணத்துக்கு அடிச்சதுன்னு கேப்பாங்க."

"என்னுத ஊர்ல நாலு பேரு படிக்கிறான். உங்களுத?"

"இண்டர்வியூவுல உக்கார்றவங்க படிச்சா போதுங்க."

சாரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. வருஷக்கணக்காகத் தற்காலிக வாத்தியார். வீட்டில் ரெண்டு பிள்ளைகள்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, இங்கிலீசுல வந்தா நீ படிச்சிக் காட்டுவ இல்ல?"

ஏழாவதோடு நின்றவன் நான். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

அன்றே ஆறு பக்கத்தையும் பிரித்து, எழுத்துகளை எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டேன். மறுநாள் ஒரு கருமாதி நோட்டீசுக்கு அவை வேண்டியிருந்தன. கைப்பிரதியை சார் எடுத்துப் போய்விட்டார்.

ரெண்டு வருஷம் கழித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போயிருந்த சார், கட்டுரை வந்த இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினார். பெரியவர் வந்தார். எழுத்தெழுத்தாகக் கூட்டிக் 'கரியாலூர்' என்பதை மட்டும் கண்டுபிடித்து விரலை வைத்தேன்.

"அதுக்கு மின்னாடி இன்னா போட்டுக்கீது?"

"நல்லாத்தான் எழுதிக்கீறாருங்க."

அதைத் துண்டில் சுற்றித் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் திரும்பி வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "தமிழ்ல கொண்டாய்யான்றாரு அங்க இருக்கிற ஆபீசரு, தம்பி. அந்த ஆறு பக்கத்த மறுபடி கோத்துக் குடேன்."

பார்த்துக் கோக்கக் கைப்பிரதி இல்லை என்று சொன்னேன். எழுத்துப் பெட்டியின் அறைகளைப் பார்த்தார். அப்புறம் மடியிலிருந்து ஒரு ரசீதை எடுத்து நீட்டினார். தமிழ்ப் பிரதி இருபத்தஞ்சுக்கு, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மலையில் வசூல் பண்ணிக் கொடுத்த முன்பணம், ஐம்பது ரூபாய். ரசீதில் இருந்தது என் கையெழுத்து. பணம் எப்போதோ காகிதம் வாங்கியதில் போய்விட்டது. முதலாளி கல்லாவைத் துழாவிப் பத்து ரூபாய் கொடுத்தார்.

மீதி நாற்பது ரூபாய் இன்னும் கொடுக்கவில்லை.