ஆடி அமாவாசையில் மீன் பொரித்த வீடு

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற எங்கள் ஒழுங்கையில் அரைவாசி வீடுகள் யாழ்ப்பாணத்தாருடையவை. ஆடி அமாவாசை வந்தால் தகப்பனை இழந்த பிள்ளைகள் அங்கே விரதம் இருப்பார்கள். போன தகப்பனுக்கு இலை போட்டுப் படைத்து, காத்தோட்டிக்காய் என்று ஒரு கசப்புக் காயைப் பொரித்து வைத்து, அதற்குப் பிறகுதான் வாயில் ஏதும் வைப்பார்கள். தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு இந்த விரதம் கிடையாது. நான் பேர்ணடெற், கொட்டாஞ்சேனையில் பிறந்த கத்தோலிக்க வேதக்காரி. கலியாணம் முடித்து இந்த ஒழுங்கைக்கு வந்த பிறகுதான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ஒழுங்கை முழுக்கச் சைவம். பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி அக்கா மட்டும் கொல்லையில் மூன்று கல்லை வைத்து மீன் பொரிப்பாள். உள்ளே அடுப்பு இருக்க, ஊருக்கே வாசம் போகிற மாதிரி வெளியில் வைத்துப் பொரிப்பாள். யுத்த காலத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து அப்படிச் செய்தாள். அவளுக்கு விசர் பிடித்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு விளங்கியது. என் மகனுக்குத் தகப்பன் இருக்கிறான் என்று ஒரு மனுஷி வேறு எப்படித்தான் சொல்லுவாள்?

அக்காவின் புருஷன் நமசிவாயம் மலாயாவில் ரயில்வே கிளார்க். சிரம்பானில் குவாட்டர்ஸ், கொல்லையில் றம்புட்டான் மரம், குறையில்லாத சீவியம். மகன் நாகேந்திரத்தை இலங்கையில் படிப்பிக்க வேண்டும் என்று நாற்பத்தொன்றாம் ஆண்டு நடுவில் தாயும் மகனுமாகக் கப்பலேறி வந்து, எங்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்கள். தைப்பொங்கலுக்குத் தான் வருவதாக மனுஷன் சொல்லி அனுப்பியிருந்தார். மார்கழியிலேயே ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கிவிட்டான். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, காசும் இல்லை.

அடுத்த ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு அன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. பாதிச் சனம் பெட்டி கட்டிக்கொண்டு யாழ்ப்பாண ரயிலில் ஏறியது. நமசிவாயத்தின் தமையன் பொன்னம்பலம் கிருலப்பனையிலிருந்து வந்து, தங்களோடு ஊருக்கு வரும்படி அக்காவைக் கேட்டார்.

"அவரிட்டை இந்த விலாசம்தான் இருக்கு, அத்தான்" என்றாள் அக்கா. "எழுதினால் இஞ்சைதான் எழுதுவார்."

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் அவளிடம் இல்லை. விலாசத்தைக் காவல் காக்க ஒரு பெண் குண்டுக்குள் இருப்பாளா என்று நான் அவளோடு சண்டை பிடித்தேன். பிறகு நானும் போகாமல் நின்றுவிட்டேன். என் புருஷன் றேமண்டுக்குக் கோட்டைத் தபால் கந்தோரில் வெளிநாட்டுக் கடிதம் பிரிக்கிற வேலை, லீவு கிடைக்கவில்லை.

பிழைக்க வேண்டுமே. அக்கா சாப்பாடு கொடுக்கத் தொடங்கினாள். ஐந்து கிளார்க்மார், எல்லோரும் ஊர்ப் பிள்ளைகள், காலையும் மாலையும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுக்க வேண்டும். அரிசி கூப்பனுக்கு. கிழமைக்குக் கிடைக்கிற அரிசி இரண்டு நாளைக்குக் காணாது. மிச்ச நாளுக்குக் கோதுமை மா. அந்த மாவைத் துணியில் கட்டி அவித்து, கட்டி உடைத்து, அரித்து எடுத்தால்தான் பிட்டுக் குழைக்கலாம், இல்லாவிட்டால் பசைதான். ஒரு கிளார்க்குக்கு உள்ளி ஒத்துக்கொள்ளாது. இன்னொருத்தருக்குத் தேங்காய்ப்பால் கூடினால் வயிறு ஊதும். மூன்றாமவர் தாய் வைக்கிற சொதி மாதிரி வேண்டும் என்பார். தாய் எப்படி வைப்பாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்த ஐந்து நாக்குக்கும் அக்கா விடிய நாலு மணிக்கு எழும்பி மா அவித்தாள். எனக்கென்றால் இரண்டாம் நாளே அகப்பை பறந்திருக்கும்.

சந்தைக்கு நாங்கள் சேர்ந்துதான் போவோம். வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு சிங்களக் கிழவன் கீரை விற்பான். "மொனவத ஓனே, நோனா?" என்று, என்ன வேணும் என்று கேட்டுக்கொண்டே இரண்டு பிடி கங்குன் கீரையை எடுத்து நீட்டுவான். அதைக் கண்டால் மட்டும் அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

"சிரம்பானிலை ஒரு சீனத்தி இதைத் தலையிலை சுமந்து வாசலுக்கே கொண்டருவாள், பேர்ணடெற். கூனிறால் இடிச்சுப் போட்டு, அடுப்பு எரியிற எரிவிலை ஒரு கிளறு. இவர் கந்தோராலை வந்து சட்டியோடை திண்டு முடிப்பார்."

அதை வீட்டில் ஒரு முறை செய்தும் பார்த்தாள். கிளார்க்மார் மூக்கைப் பொத்தினார்கள். அதற்குப் பிறகு கங்குன் வாங்கினால் பருப்புப் போட்டுக் கடைவாள். சீனத்தியைப் பற்றிய கதையும் வர வரக் குறைந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் நான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர், நமசிவாயத்துக்காக ஒரு மெழுகுதிரி கூடுதலாகக் கொளுத்துவேன். அக்காவும் கூட வந்து அங்கேயுள்ள சிவன் கோயிலில் கும்பிடுவாள். திரும்பும்போது கொட்டாஞ்சேனைச் சந்தையில் மட்டக்குளிக்காரரிடம் மலிவு மீன் வாங்குவோம். பஸ்ஸில் இடம் கிடைத்தால் அக்கா இருந்த இருப்பிலேயே நித்திரையாகிவிடுவாள். மீன் பையை நான்தான் பிடித்துக்கொண்டு வருவேன்.

பின்னேரம் றேமண்ட் வேலையால் வந்து படலையைத் திறக்கும்போது அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். இவர் கடிதம் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார். ஒரு நாள் அவர், "எனக்கு வீட்டுக்கு வரவே வெட்கமா இருக்கு" என்றார். அன்றைக்கு எனக்கு ஜப்பான்காரன் மேல் வந்த ஆத்திரத்தைவிட நமசிவாயத்தின் மேல் கூடுதலாக ஆத்திரம் வந்தது.

மூன்றாம் வருஷ ஆடி அமாவாசைக்குப் பொன்னம்பலம் வந்தார். ஊரிலிருந்து திரும்பி மறுபடி கிருலப்பனையில் குடியிருந்தவர். கொல்லையில் மீன் பொரிவதைப் பார்த்து மூக்கின் மேல் விரலை வைத்துவிட்டார்.

"பிள்ளை, இது எங்கடை சனம் செய்யிற வேலையே? மூண்டு வருஷம் ஒரு சொல்லு வரேல்லை. அவன் இல்லையெண்டால் பசியோடை அலைவான். பெடியனைக் கொண்டு ஒருக்கா இலை போடுவி."

"இருக்கிறவருக்கு இலை போட்டால்?"

அக்கா மீனைப் புரட்டினாள். நாகேந்திரம் அந்த மீனைச் சாப்பிட்டான். அவனுக்கு அப்போது பதினாறு வயது. அவன் தொண்டையால் அது எப்படி இறங்கியது என்று நான் யோசிக்கவில்லை. நாங்கள் யாருமே யோசிக்கவில்லை, அதுதான் பிழை.

நாற்பத்தைந்தாம் ஆண்டு அவன் படிப்பை விட்டு ஒரு கப்பல் கொம்பனியில் கிளார்க்காகச் சேர்ந்தான். ஆடி அமாவாசைக்கு முதல் நாள் பின்னேரம் நான் அக்காவின் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவன் வேலையால் வந்து ஒரு கடதாசிச் சரையைத் தாய்க்கு முன்னால் வைத்தான். பிரித்தால் காத்தோட்டிக்காய். யாழ்ப்பாண ரயிலில் வந்ததாம், கொட்டாஞ்சேனையில் வாங்கினானாம்.

"இது ஆருக்கு?" என்றாள் அக்கா.

"எனக்கு ஏலாது, அம்மா." அவன் நின்றபடியே சொன்னான். "ஆடி வந்தால் எல்லாரும் என்ரை வாயைப் பாக்கினம். நீங்கள் பொரிச்சுத் தந்த மீனைத் திண்ட ஒவ்வொரு முறையும் நான் கிணத்தடியிலை போய்ச் சத்தியெடுத்துக் கொட்டினனான். அப்பா இருந்தால் என்னை மன்னிப்பார். இல்லையெண்டால் அவருக்கு ஒரு பிடி சோறு போகட்டும்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். நான் என்றால் அடித்திருப்பேன். அவள் சரையை எடுத்துப் பார்த்தாள், காயை ஒரு கோப்பையில் கொட்டினாள், தண்ணீர் விட்டாள்.

"சரி" என்றாள். அவ்வளவுதான். நம்பிக்கை போய்ச் சொன்ன சரி இல்லை அது. நாலு வருஷம் ஒரு கதவைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றவள் கையை விட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் அக்கா முழுகிவிட்டு அடுப்பு மூட்டினாள். நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். படைக்கிற நாளில் போனவருக்குப் பிரியமானதைச் சமைப்பது அவர்கள் வழக்கம். அக்கா அடுப்புக்கு முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

"பேர்ணடெற்" என்று கூப்பிட்டாள். "மரக்கறியிலை அவருக்கு என்ன விருப்பம் எண்டு மறந்து போச்சு. உள்ளி கூடாதவர், பால் கூடாதவர், எல்லாரின்ரையும் ஞாபகம் இருக்கு. இவரின்ரை மட்டும் வரேல்லை."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வீட்டுக்குள்ளே ஓடிவிட்டேன். அவள் கடைசியில் பூசணிக்காய், வாழைக்காய், பயிற்றங்காய், ஒரு பருப்பு, ஒரு பாயசம் என்று எல்லா வீட்டிலும் செய்கிறதைச் செய்தாள். காத்தோட்டிக்காயும் பொரித்தாள். மகன் இலை போட்டுப் படைத்தான். காகத்துக்கு வைத்தான். பிறகு சாப்பிட்டான். அன்றைக்கு அவன் சத்தியெடுக்கவில்லை.

அடுத்த கிழமை யுத்தம் முடிந்தது. ஒழுங்கையில் வெடி கொளுத்தினார்கள். அக்கா மா அவித்தாள்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் றேமண்ட் எங்கள் படலையைத் திறக்காமல் அக்கா வீட்டுப் படலையைத் திறந்தார். சிரம்பான் முத்திரையோடு ஒரு கடிதம், கையெழுத்து நமசிவாயத்தினது மாதிரி இருக்கிறது என்று சொன்னார். எங்கே கடிதம் என்று கேட்டால், அதைத் தபால்காரன்தான் கொண்டு வர வேண்டும், தான் எடுத்துவரக் கூடாது என்கிறார். இப்படியும் ஒரு மனுஷனா? பெற்ற பிள்ளை தொட்டிலில் அழுதாலும் ரெஜிஸ்தரில் பதிந்துவிட்டுத்தான் தூக்குவார். அன்றிரவு இரண்டு வீட்டிலும் ஒருத்தரும் தூங்கவில்லை. காலையில் தபால்காரன் கொண்டு வந்தான். நமசிவாயம் இருந்தார். ஜப்பான்காரன் அவரைச் சீயாம் பக்கம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோயிருக்கிறான், காய்ச்சலோடு திரும்பியிருக்கிறார், கப்பல் கிடைத்ததும் வருவாராம்.

நாகேந்திரம் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். வெகு நேரம் திரும்பி வரவில்லை. இருக்கிற தகப்பனுக்குப் பிண்டம் வைத்தவன் என்று அவனை யாரும் சொல்லவில்லை. அவனே தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தை மாதம் மனுஷன் வந்து சேர்ந்தார். முன்னைய படத்தில் பார்த்த ஆளில் பாதி. பல் பாதி இல்லை. மகனை நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா விடிய நாலு மணிக்கே எழும்பி, கிளார்க்மாருக்கும் சமைத்து, புருஷனுக்கு வேறாகக் குழையக் குழையக் கஞ்சியும் காய்ச்சினாள். மகன் தகப்பன் எழும்பமுன் கந்தோருக்குப் போய்விடுவான். வந்தாலும் கொல்லைப் பக்கம்தான். தகப்பன் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கொஞ்சம் மீன் சொதி கொண்டு போயிருந்தேன். நமசிவாயம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சேர், தம்பி ஏன் என்னோடை கதைக்கிறானில்லை?"

அக்கா சட்டியை இறக்கி வைத்தாள். "ஆடி அமாவாசைக்கு உங்களுக்கு இலை போட்டவன். அதுதான்."

சோற்றுக் கோப்பையில் அவர் கை நின்றது. "எனக்கோ?"

"ஓம். நான்தான் சமைச்சனான்."

"என்ன சமைச்சனீ?"

அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பூசணிக்காய், வாழைக்காய், பயிற்றங்காய், பருப்பு, பாயசம், காத்தோட்டிக்காய். அவர் கேட்டுவிட்டு, இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அப்ப அதிலை ஒண்டும் எனக்கு வந்து சேரேல்லையே. எனக்கு வைச்சதுதானே, நாளைக்கு அதையே சமையன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"நாளைக்கு நான் சமைக்க மாட்டன்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு வருஷம். நீங்கள் இருக்கிறியள் எண்டு சமைச்சன். இல்லையெண்டும் சமைச்சன். வந்திட்டியள் எண்டு இண்டைக்கும் சமைச்சன். நான் களைச்சுப் போனன். எனக்கு இனி ஏலாது. நான் படுக்கப் போறன்."

கையில் மா ஒட்டியிருந்தது, கழுவவும் இல்லை. அறைக்குள் போய்ப் பாயில் விழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் பகலில் அவள் படுத்து நான் கண்டதில்லை.

பின்னேரம் கிளார்க்மார் வருவார்களே, நான் சமைக்கிறேன் என்று சொன்னேன். நமசிவாயம் தலையை ஆட்டினார். "வேண்டாம் பிள்ளை. நீங்கள் போங்கோ." எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு குசினிக்குள் போனார். நான் போகவில்லை, வாசலிலேயே நின்றேன். அவர் அடுப்பைப் பார்த்தார், தட்டில் அடுக்கியிருந்த பேணிகளைப் பார்த்தார். ஒன்றைத் திறந்து மணந்துவிட்டு மூடினார். கொல்லையில் மகன் நிற்பது அவருக்குத் தெரியும்.

"தம்பி" என்று உள்ளே இருந்தே கேட்டார், "கொம்மா உப்பை எங்கை வைக்கிறவ?"

பிறகு நாகேந்திரம் கொல்லைக் கதவால் வந்தான். கையை உயர்த்தி மேல் தட்டிலிருந்து உப்புப் பரணியை இறக்கினான்.

"இஞ்சை இருக்கு, அப்பா."

அப்பனும் மகனும் அன்றைக்கு என்ன சமைத்தார்களோ எனக்குத் தெரியாது. கிளார்க்மார் ஒருத்தரும் குறை சொல்லவில்லை. அக்கா மறுநாள் வெயில் ஏறும்வரை எழும்பவில்லை.