வெள்ளரியில் பூத்த உப்பு

மழைக்கு உப்பளம் மூடிவிட்டால், திரும்ப வேலை தொடங்கும்வரை எங்கள் வீட்டில் உலை கொதிப்பது வெள்ளரிக்கொடியை நம்பித்தான். வீட்டுக்குப் பின்னால் குத்தகைக்கு எடுத்த நிலம். போன மார்கழியில் இலைகளில் மஞ்சள் மஞ்சளாகக் கட்டம் விழுந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில் அழுக்கு வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எதைப் பார்த்தாலும் உப்புதான். முதலில் வாரும் உப்பு சேறு கலந்து இப்படித்தான் இருக்கும். கடல்காற்றில் உப்பு பூத்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, தினமும் விடிந்ததும் குடம் குடமாக நல்ல தண்ணீர் தெளித்து இலை இலையாகக் கழுவினேன். சில நாளில் பக்கத்து வரிசையும் மஞ்சளானது. சரியாகக் கழுவவில்லை போல என்று சாயந்திரமும் கழுவ ஆரம்பித்தேன். என் புத்திசாலித்தனம் அப்படி.

வேலிக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி காசித்தும்பை வளர்த்திருந்தாள். தாய்வீட்டு விதை. வருஷா வருஷம் காய் வெடிப்பதற்குள் பறித்து விதை சேர்த்து, மறுபடி போடுவாள். கூரை மறைவில் காற்றே படாத அந்தச் செடிகளிலும் இலைக்கு அடியில் வெள்ளை பூத்திருந்தது. அப்படியானால் இது உப்பில்லை, நோய். நோயென்றாலும் கழுவினால் போய்விடும் என்று கழுவுவதை மட்டும் விடவில்லை.

வேளாண் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி இந்த நோயைத்தான் ஆராய்கிறாள், ஊர் ஊராகப் போய்ப் பூச்செடி, காய்ச்செடி இலைகளைச் சேர்க்கிறாள் என்று கேள்விப்பட்டு வரவழைத்தோம். வேலிக்கு இரண்டு பக்கமும் இலை பறித்து உறையில் போட்டுக்கொண்டாள்.

"முடிவு வர ரெண்டு வாரம் ஆகும்க்கா."

இரண்டு வாரம் பொறுக்கிற ஆளா நான்? அன்றைக்கே வேலியோரம் போய் நின்றேன்.

"அக்கா, உன் பூச்செடியிலேர்ந்துதான் என் கொடிக்கு ஒட்டிக்கிச்சு."

மறுநாள் பார்த்தால் அவள் பக்கம் ஒரு செடிகூட இல்லை. பூவும் பிஞ்சுமாகப் பிடுங்கிக் குழியில் போட்டு மூடியிருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

சொன்னபடி அந்தப் பெண் வந்தபோது பாதித் தோட்டம் கருகியிருந்தது.

"பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும்க்கா. மரபணுவப் பாத்தா ரெண்டு கிருமியும் வேற வேற. அதுங்களுக்குள்ளயே எத்தனையோ வகை இருக்குது. காசித்தும்பையில இருக்கிறது வெள்ளரிக்கு வராது."

பேசிக்கொண்டே இலையைத் தொட்டுப் பார்த்தவள் நிமிர்ந்தாள். "ஏன் இவ்ளோ ஈரமா இருக்குது?"

"தினம் ரெண்டு வேளை கழுவுறேன்."

"ஈரத்துலதான்க்கா இது பரவும்."

அவள் போனதும் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"விதை கொஞ்சமாவது எடுத்து வெச்சிருக்கியாக்கா?"

"பிஞ்சுலயே புடுங்கிட்டனே, எங்கிருந்து விதை?" என்றவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "அத வுடு. மிச்சமிருக்கிற கொடியாவது பொழைக்குமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். வா பார்க்கலாம் என்று அவள்தான் முன்னால் நடந்தாள்.