மூன்றாம் குரலுக்கு விடைதரும் மலைநாடு

இதனை எழுதிவைத்தல் வேண்டும் என்று நான் துணிந்ததற்குக் காரணம் ஒன்றே. என் அண்ணி பிறந்த மலைநாட்டைப் பற்றி எங்கள் வீட்டில் இனிப் பேசுவோர் எவரும் இலர். அண்ணனும் மறைந்தார், அண்ணியும் மறைந்தார். நானும் வாய்மூடிவிட்டால், ஒரு பிற்பகலில் எங்கள் வாயிலில் இருமுறை எழுந்து அடங்கிய குரல் யாருடையது என்னும் வினாவும் என்னோடு எரிந்துவிடும்.

அம்மலைநாடு விழுப்புரத்திற்கு மேற்கே, சமவெளி முடியும் இடத்தில் சுவர்போல் எழுந்து நிற்கிறது. பிரெஞ்சுக் கொடி இறங்கி, புதுவை எல்லையிலிருந்த சுங்கச் சாவடிகள் எடுக்கப்பட்டபின், கடுக்காய் வாணிகம் செய்த என் அண்ணன் அங்கே அடிக்கடி சென்றார்; அங்கேயே பெண்ணும் கொண்டார். மறு ஆண்டு நானும் அவருடன் ஒருமுறை ஏறினேன். வண்டி செல்ல வழியில்லை. அடிவாரமெல்லாம் மூங்கில், இடைமலையில் வேங்கையும் கடுக்காயும். மூச்சிரைக்க ஏறி முடித்தால், எதிர்பாராத வகையில் மேலே சமநிலம் விரிகிறது. அதில் சாமையும் தினையும் விளைகின்றன. புல்வேய்ந்த குடில்களின் கூரை மிகத் தாழ்ந்தது. குனியாமல் ஒருவரும் நுழைய இயலாது. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே காடன்றி வேறில்லை.

மூடுபனி இறங்கினால் உச்சிப்பொழுது வரையில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. குரலே ஆள். ஆயினும் குரலை அவர்கள் எளிதில் நம்புவதில்லை. யாரேனும் அழைத்தால் முதல் அழைப்புக்கும் இரண்டாம் அழைப்புக்கும் அங்கே எவரும் வாய் திறவார், மூன்றாவதற்கே விடை. முதலிரண்டும் எதனுடைய குரல் என்று சொல்ல அவர்கள் அஞ்சினார்கள். அழைக்கும் மனிதனும் இதை அறிந்தவன் ஆதலின், மூன்றாம் முறையும் கூப்பிடாமல் திரும்பான்.

எங்களுக்கு வழிகாட்டி முன்னே நடந்தவன் அண்ணியின் தம்பி. கம்பளியை மடித்துத் தோளிலிட்ட இளைஞன். பனிக்குள்ளிருந்து என்னை யாரோ அழைத்ததாகத் தோன்ற, நான் உடனே ஏன் என்று கேட்டுவிட்டேன். அவன் நின்று திரும்பிச் சிரித்தான்.

"மொதக் கொரலுக்கே பதில் சொல்லிட்டீங்களே மாமா. இனிமே அது உங்கள வுடாது."

அழைத்தது அவனா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தான். கம்பளியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மீண்டும் முன்னே நடந்தான்.

அடுத்த கோடையில் அவன் தேனெடுக்கக் காட்டுக்குள் சென்றான், மீளவில்லை. காட்டில் காணாமற்போனவருக்கு அவர்கள் இறுதிச் சடங்கு செய்வதில்லை. அவர் கடைசியாகக் கடந்த கவர்வழியில், பாதை இரண்டாகப் பிரியுமிடத்தில், ஒரு கல்லை நட்டு, உற்றார் அதன்மேல் பச்சைத் தழை இடுகிறார்கள். தழை இடுவோர் உள்ளவரை அவர் இறந்தவர் அல்லர். அவனுக்குத் தழை இட்டு வந்தவர் அவனுடைய தாய். அண்ணன் மலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் அண்ணி தண்ணீர்ச் செம்பை நீட்டியபடியே, தழை பச்சையாக இருந்ததா என்றுதான் முதலில் கேட்பார்.

புதுவையில் வாய்க்காலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அங்கும் அண்ணி மூன்றாம் அழைப்புக்கே கதவைத் திறந்தார். கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மையார் இதைச் சொல்லியே தெருவைச் சிரிக்கவைப்பார்.

"இந்தூட்டு அம்மாவுக்கு மூணு தபா கூவுனாத்தான் காது தெறக்கும். அதுக்குள்ள எம்மீனு கருவாடா பூடும்."

அண்ணியும் சிரிப்பார், பழக்கத்தை மட்டும் விட்டிலர். நாளடைவில் அண்ணனும் நானும்கூட அறியாமலே அப்பழக்கத்துக்கு வந்துவிட்டோம்.

சில ஆண்டுகள் சென்றன. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு பிற்பகல். அண்ணி கூடத்தில் புளியிலிருந்து கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். நான் மாடியில் இருந்தேன். வாயிலில் ஓர் ஆண்குரல், "அக்கா" என்றது. சிறிது நேரம் கழித்து மீண்டும், "அக்கா." கீழே அரிவாள்மணையின் ஓசை நின்றது. மூன்றாவதை அவர் எதிர்பார்த்திருந்தார், நானும் எதிர்பார்த்திருந்தேன். அது வரவில்லை. சாளரத்தருகே சென்று நோக்கினேன். தெருமுனையில் ஒருவன் திரும்பிக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. புதுவையின் புழுக்கத்தில் எவரும் சுமக்காத கம்பளி ஒன்று மடித்தபடி அவன் தோளில் கிடந்தது.

இறங்கி ஓடினேன். முனையில் ஈரமான தெருவும் இரண்டு ஆடுகளுமே இருந்தன. பேருந்து நிற்குமிடம் வரை அண்ணன் சென்று தேடித் திரும்பினார். கண்டதை அண்ணியிடம் சொன்னேன், கம்பளியையும் சொன்னேன். அவர் புளியை ஒருபுறம் ஒதுக்கினார்.

"எங்காளு இல்ல தம்பி. எங்காளுன்னா மூணாந்தபா கூப்புடாம போவ மாட்டான்."

"இத்தன வருசம் கீழ எங்கனா இருந்து பழக்கம் வுட்டுப்போயிருந்தா, அண்ணி?"

அவர் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு வாயிற்பக்கம் எழுந்து போனார்.

அடுத்த முறை மலைக்குச் சென்ற அண்ணன், தழை பச்சையாகவே இருந்தது என்றார். அவன் அங்கு வரவுமில்லை என்றார். அதற்குள் அண்ணி மாறிவிட்டிருந்தார். யார் அழைத்தாலும் முதல் குரலுக்கே எழுந்து ஓடினார். கூடையை இறக்குமுன் கதவு திறப்பது கண்டு மீன்கார அம்மையார் திகைத்து நின்றார்; பிறகு அவரும் கேலி செய்யவில்லை. ஒருநாள் மூவரும் உண்டுகொண்டிருக்கையில் அண்ணி தலைநிமிர்ந்து, "தோ வரேன்" என்று எழுந்து வாயிலுக்குப் போனார். எவரும் அழைத்ததாக அண்ணனுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. அது அதன்பின் வழக்கமாயிற்று. திறந்த கதவருகே சிறிது நேரம் நிற்பார். திரும்பி வந்து, ஆறிய சோற்றில் கை வைப்பார்.

மரங்களின் பெயர்களிலும், வழியிலும், ஊர்வழக்கத்திலும் யான் பிழைபட எழுதியிருத்தல் கூடும். அறிந்தோர் திருத்துக. அம்மலைநாட்டார் எவரேனும் இதைப் படிக்க நேரின் அவரிடம் ஒன்றை வேண்டுகிறேன். நும் நாட்டிற் பிறந்தவன் இருமுறை மட்டும் அழைத்துவிட்டுத் திரும்புவது உண்டா? உண்டெனில், அண்ணி சொன்னதையும் பிழையெனத் திருத்திவிடுக.